ஆச்சி கண்ட எறும்பு: கோடோ 4-இன் நிழல்களோடு ஆறு மாதம்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. அதைத் தங்கும் விடுதியாக மாற்றப் போகிறார்கள். மராமத்து முடிந்தபின் வீடு எப்படி இருக்கும் என்பதைக் கணினித் திரையில் உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி செய்து கொடுப்பது என் வேலை. தூண், ஓடு, ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்குக் கதவு எல்லாவற்றையும் அளந்து மாடல் செய்தாயிற்று. பிற்பகல் 3 மணியிலிருந்து 6 மணி வரை வெயில் நகர்வதையும் காட்டலாம் என்று ஆசைப்பட்டு அதையும் சேர்த்தேன்.

வீட்டுக்கார ஆச்சிக்கு எழுபதைத் தாண்டிய வயது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பேசாமல் பார்த்தார். மேற்குப் பக்க அறைக்குள் நுழைந்து, ஜன்னல் வழியாகத் தரையில் வெயில் விழும் இடத்துக்கு வந்ததும் கையைக் காட்டினார்.

“ஏந்தம்பி, தரையில என்ன எறும்பா ஊருது?”

எறும்பு இல்லை. ஜன்னல் கம்பிகளின் நிழல். சூரியன் நகர நகர அதன் ஓரங்கள் குறுகுறுவென்று ஊர்ந்துகொண்டிருந்தன. எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஆறு நிழல்தான் விழுந்திருந்தது. அதிலும் ஒன்று ஒல்லி, ஒன்று தடி. குறுக்குப் பட்டையின் நிழல் ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது. ஒரு மாதமாக அதே காட்சியைப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்குப் பழகிவிட்டிருக்கிறது. ஆச்சிக்குப் பழகவில்லை. நான் என்ன விளக்கம் சொன்னாலும் அவர் கண்ணுக்கு அது எறும்புதான்.

அன்றிலிருந்து ஆறு மாதம் நான் பெரும்பாலும் பார்த்தது இந்த ஒரு விஷயத்தைத்தான். நான் அந்த வீட்டைத் திரையில் காட்டப் பயன்படுத்திய கோடோ என்ற விளையாட்டு எஞ்சினில், வெயில் நிழலின் ஏலியாசிங்கை, அதாவது ஓரம் படிக்கட்டாக உடைந்து தெரிவதை, எவ்வளவு தூரம் குறைக்க முடியும்? அதற்கு அது என்னென்ன கருவி தருகிறது, எதைத் தரவில்லை? இந்த விமர்சனம் அதைப் பற்றி மட்டும்தான். கோடோவில் விளையாட்டு செய்வது எப்படி, ஸ்கிரிப்ட் மொழி எப்படி என்பதெல்லாம் இதில் வராது.

முதலில் அடிப்படைத் தகவல்கள். நான் பயன்படுத்துவது கோடோ 4.4, ஃபார்வர்டு பிளஸ் ரெண்டரர் (காட்சியைத் திரையில் வரைந்து தரும் பகுதி). மடிக்கணினியில் 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1660 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 1080 திரை. கோடோவுக்கு விலை கிடையாது. எம்ஐடி உரிமத்தில் வருகிறது, செய்து விற்றாலும் யாருக்கும் பங்கு தர வேண்டாம். அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் உருவாக்கி, 2014-இல் மூலநிரலைத் திறந்துவிட்ட எஞ்சின் இது. மூலநிரல் திறந்திருப்பதற்கும் என் எறும்புக்கும் சம்பந்தம் உண்டு. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இந்த ஊர்தல் ஏன் வருகிறது என்பது தெரியாமல் எந்தப் பொத்தானைத் திருகியும் பயனில்லை. நிழல் போடும் முறை 1978-இல் லான்ஸ் வில்லியம்ஸ் எழுதியதன் வழியில்தான் இன்னும் போகிறது. சூரியன் இருக்கும் இடத்திலிருந்து வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். கண்ணில் படும் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாள்தான் ஷேடோ மேப். அப்புறம் நம் கேமராவில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்து, “சூரியனுக்கும் உனக்கும் நடுவில் வேறு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்க வேண்டும். இருந்தால் நிழல், இல்லாவிட்டால் வெயில். அவ்வளவுதான்.

சிக்கல் அந்தக் கட்டத்தில்தான். ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒரு தூரத்தைத்தான் எழுத முடியும். அந்தக் கட்டம், டெக்சல் என்று சொல்வோமே, அது தரையில் எத்தனை மில்லிமீட்டரை அடைக்கிறது என்பதுதான் முழுக் கதையும். ஒரு கம்பியின் நிழல் ஒழுங்காக விழ வேண்டும் என்றால் அதன் தடிமனுக்குள் குறைந்தது 2 டெக்சலாவது அடங்க வேண்டும். ஆச்சி வீட்டு ஜன்னல் கம்பி 12 மி.மீ.

கோடோவில் வெயிலுக்கு எல்லாக் கதிரும் ஒரே திசையில் விழும் விளக்கு, டைரக்‌ஷனல் லைட். புதிதாக ஒரு புராஜெக்ட் திறந்து அதை வைத்தால் அதன் ஷேடோ மேப் 4096-க்கு 4096. அது நாலு துண்டாகப் பிரிந்து, கேமராவுக்கு அருகில் இருக்கும் இடத்துக்கு ஒன்று, அடுத்த தூரத்துக்கு ஒன்று என்று பங்கு போடப்படுகிறது. ஆக ஒரு துண்டுக்கு 2048. இந்தப் பங்கீட்டு முறையை 2006-இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் ஃபேன் ஜாங் குழுவினர் எழுதினார்கள், இன்று பெரும்பாலான எஞ்சின்களில் இதன் ஏதோ ஒரு வடிவம் இருக்கிறது. கோடோவில் நிழல் போய்ச் சேரும் அதிகபட்சத் தூரம், நாம் தொடாவிட்டால், 100 மீட்டர். முதல் துண்டு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது முதல் 10 மீட்டர்.

ஒரு கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கேமராவின் பார்வைக் கோணம் 75 டிகிரி, திரை 16-க்கு 9. முதல் 10 மீட்டருக்குள் கேமரா பார்க்கும் இடம் முழுவதையும் ஒரு கோளத்துக்குள் அடைத்தால் அதன் விட்டம் சுமார் 33 மீட்டர். அதை 2048-ஆல் வகுத்தால் ஒரு டெக்சல் 16 மி.மீ. கம்பி 12 மி.மீ., கட்டம் 16 மி.மீ.! சல்லடைக் கண்ணைவிடச் சிறிய கல் தங்குமா? எட்டுக் கம்பியில் ஆறு தங்கியதே அதிகம். அதற்கடுத்த துண்டில் டெக்சல் 3 செ.மீ., மூன்றாவதில் 8 செ.மீ. அருகில், நாலாவதில் 15 செ.மீ. தாண்டிவிடுகிறது.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு வெளிச்சம் வந்தது. அதுவரை நான் என்னென்னவோ செய்துகொண்டிருந்தேன். எம்எஸ்ஏஏ என்ற, விளிம்புகளை வழுவழுப்பாக்கும் முறையை 4 மடங்கு, 8 மடங்கு என்று ஏற்றிப் பார்த்தேன். தூணின் ஓரம் வழுவழுப்பானது, நிழலின் ஓரம் அப்படியே இருந்தது. எம்எஸ்ஏஏ பொருள்களின் விளிம்பைத்தான் தொடும். தரைக்கு நடுவில் விழும் நிழலின் ஓரம் எந்தப் பொருளின் விளிம்பும் இல்லையே. இதே தவறைப் பலர் செய்வதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்லி வைக்கிறேன்.

சரி, திருத்தம். வளவின் நீளமே 30 மீட்டருக்குள் அடங்கிவிடும். 100 மீட்டருக்கு எதற்கு நிழல்? அதிகபட்சத் தூரத்தை 40-ஆகக் குறைத்தேன். ஒரே ஒரு எண். முதல் துண்டின் டெக்சல் 16 மி.மீ.-இலிருந்து 6.4 மி.மீ.-க்கு இறங்கியது. கம்பிகள் எட்டும் வந்துவிட்டன. மெமரி ஒரு பைட் கூடக் கூடவில்லை. அப்புறம் பார்வைக் கோணத்தை 75-இலிருந்து 55-ஆக்கினேன். அறையின் மூலைகள் இழுபட்டுத் தெரியாமல் இருக்க எப்படியும் அதைச் செய்ய வேண்டியிருந்தது. கேமரா பார்க்கும் அகலம் குறைந்தால் அதே கட்டங்கள் குறைவான தரையை அடைத்தால் போதும் என்பதால் டெக்சல் 4.6 மி.மீ. ஆனது. கம்பிக்குள் இரண்டரை டெக்சல். இந்த இரண்டு மாற்றத்துக்கும் காசும் இல்லை, வேகக் குறைவும் இல்லை.

கோடோவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இந்த எண்கள் எல்லாம் மூடி வைக்கப்படாமல் வெளியே கிடக்கின்றன. தூரம், துண்டுகள் எங்கே பிரிய வேண்டும் என்ற விகிதம், துண்டு நாலா இரண்டா ஒன்றா, எல்லாம் விளக்கின் பக்கத்திலேயே. எடிட்டரில் ஒரு பார்வை இருக்கிறது. அதைப் போட்டால் எந்த இடம் எந்தத் துண்டில் விழுகிறது என்று தரை வெவ்வேறு நிறத்தில் தெரியும். வளவின் நடுவில் நின்று அதைப் பார்த்தபோது, முதல் நிறம் என் காலடியிலேயே முடிந்துபோயிருந்தது. முதல் பிரிவை 0.1-இலிருந்து 0.15-ஆக நகர்த்தினேன். டெக்சல் 7 மி.மீ. அருகில் போய்விட்டது, ஆனால் ஜன்னல் வெயில் முழுவதும் ஒரே துண்டுக்குள் வந்தது. எனக்கு அது முக்கியம். துண்டு மாறும் இடத்தில் நிழலின் கூர்மை சட்டென்று மாறி, ஆத்தங்குடிக் கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் கட்டினாற்போல் கோடு விழும். நடக்கும்போது அந்தக் கோடும் கூடவே நடக்கும். துண்டுகளை ஒன்றோடொன்று கலக்கும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதைப் போட்டால் கோடு மறைகிறது, கொஞ்சம் கூர்மையை விலையாக எடுத்துக்கொள்கிறது. நான் போட்டே வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வெளியே தெருவில் நின்று பார்க்கும் காட்சிக்கு 40 மீட்டர் போதாது. கேமரா வாசலைத் தாண்டினால் தூரத்தை 120 ஆக்கும்படி நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். வெளியே ஜன்னல் கம்பி நிழலை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அடுத்து மேப்பின் அளவு. எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான், நான் கடைசியில் வைத்தேன். 4096-ஐ 8192 ஆக்கினால் டெக்சல் பாதியாகும், மெமரி நாலு மடங்காகும். டெக்சலுக்கு 16 பிட் என்ற கணக்கில் 32 எம்பி இருந்தது 128 எம்பி. என் 6 ஜிபி கார்டு அதைத் தாங்கிக்கொண்டது. டெக்சல் 3.5 மி.மீ. அளவுக்கு வந்தது. இதையே 16384 ஆக்கினால் 512 எம்பி, அது வீண். தூரத்தை 100-இலேயே வைத்துக்கொண்டு மேப்பை மட்டும் பெரிதாக்குவது, ஒழுகும் கூரைக்கு ஓட்டை மாற்றாமல் அண்டா வைக்கிற வேலை.

இனி வடிகட்டுதல். ஒரே ஒரு டெக்சலைப் பார்த்து ஆம், இல்லை என்று முடிவு செய்யாமல், சுற்றியிருக்கும் பலவற்றையும் கேட்டுச் சராசரி எடுப்பது. பிக்சாரில் ரீவ்ஸ், சேலசின், குக் மூவரும் 1987-இல் எழுதியது. தூரங்களைச் சராசரி எடுக்கக் கூடாது, ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு வந்த பதில்களைத்தான் சராசரி எடுக்க வேண்டும் என்பது அதில் உள்ள சூட்சுமம். கோடோவில் இதற்கு ஆறு படிகள் உண்டு: வடிகட்டாத கடின நிழலில் தொடங்கி, மென்மை மிகக் குறைவு, குறைவு, நடுத்தரம், அதிகம், அல்ட்ரா வரை. நாம் தொடாவிட்டால் ‘குறைவு’.

இதில் ஒரு விஷயத்தில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். அல்ட்ராவில் வைத்தால் நிழல் நேர்த்தியாகும் என்று நினைத்தேன், மங்கலாகிவிட்டது. கையேட்டில் காரணம் இருக்கிறது. ‘அதிகம்’ என்றால் மங்கலின் அகலத்தை எஞ்சினே 1.5 மடங்காக்கும், ‘அல்ட்ரா’ என்றால் 2 மடங்கு. மாதிரிகள் (கேட்டுப் பார்க்கும் டெக்சல்கள்) கூடியிருக்கின்றனவே, அவற்றைப் பரவலாகப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் எண்ணம். காட்டு நிழலுக்கு அது சரியாக இருக்கலாம், கம்பி நிழலுக்குச் சரியில்லை. விளக்கில் இருக்கும் பிளர் மதிப்பை 1-இலிருந்து 0.5-க்கு இறக்கினால் அகலம் பழையபடி வந்துவிடும், மாதிரிகளின் எண்ணிக்கை அல்ட்ராவிலேயே இருக்கும். நான் கடைசியில் நின்றது நடுத்தரத்தில். அல்ட்ராவில் என் மடிக்கணினியின் மின்விசிறி கச்சேரி வைக்கிறது.

மாதிரிகள் குறைவாக இருக்கும்போது கோடோ அவற்றைப் பிக்சலுக்குப் பிக்சல் சுழற்றிவிடுகிறது. படிக்கட்டுக்குப் பதிலாக ரவை தூவினாற்போல் ஒரு பொரிவு வரும். அருகில் போய்ப் பார்த்தால் நிழலின் ஓரத்தில் மாக்கோலத்தைக் கையால் தேய்த்த மாதிரி இருக்கும். அடுத்தடுத்த பிரேம்களைக் கலந்து ஓரத்தை மென்மையாக்கும் டிஏஏ-வைப் போட்டால் அந்தச் சுழற்சி பிரேமுக்குப் பிரேம் மாறி, சில பிரேம்களில் ஒன்றாகக் கலந்து பொரிவு அடங்கிவிடுகிறது. நிழலுக்கு மட்டும் பார்த்தால் டிஏஏ அருமை. ஆனால் கூடத்தில் ஊஞ்சல் ஆடினால் சங்கிலிக்குப் பின்னால் ஒரு வால் வருகிறது. ஊஞ்சல் ஆடும் காட்சியில் மட்டும் அதை நிறுத்திவிடுகிறேன்.

இவ்வளவும் செய்த பிறகும் ஏதோ பொய்யாக இருந்தது. கம்பி நிழல் எட்டும் இருக்கிறது, நேராக இருக்கிறது, ஆனால் அச்சடித்த மாதிரி இருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு என் வீட்டு ஜன்னலிலேயே பார்த்துவிடலாம் என்று ஒரு வெள்ளைச் சார்ட் தாளை எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக் கம்பியும் 12 மி.மீ.தான். தாளைக் கம்பிக்கு ஒரு அடி தள்ளிப் பிடித்தேன். நிழல் கருகருவென்று, ஓரம் வெட்டினாற்போல் இருந்தது. ஒரு மீட்டருக்கு நகர்த்தினேன். நடுவில் ஒரு மெல்லிய கரும்கோடு, இருபுறமும் சாம்பல். ஒன்றரை மீட்டரில் கருப்பே இல்லை, வெறும் சாம்பல் பட்டை. மூன்று மீட்டர் தள்ளி எதிர்ச்சுவரில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு சாயல்.

காரணம் எளிது. சூரியன் ஒரு புள்ளி இல்லை. நம் கண்ணுக்கு அது அரை டிகிரிக்குச் சற்று அதிகமான அகலமுள்ள தட்டு. அதனால் எந்தப் பொருளின் முழு நிழலும் அதன் தடிமனைப்போல் கிட்டத்தட்ட 108 மடங்கு தூரம் வரைதான் போகும். 12 மி.மீ. கம்பிக்கு 1.3 மீட்டர். சாயங்கால வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு வரும் சாய்ந்த பாதை இரண்டு மூன்று மீட்டர் இருக்கும். அங்கே கூர்மையான கரும்நிழல் நிஜத்தில் விழவே விழாது. அதை நான் டெக்சல் டெக்சலாகக் கூர்மைப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்!

கோடோவின் டைரக்‌ஷனல் லைட்டில் இதற்கென்றே ஒரு எண் உண்டு: விளக்கின் கோண அகலம். நாம் தொடாவிட்டால் 0, சூரியனுக்கு 0.5 என்று கையேடே சொல்கிறது. அதை வைத்தால், நிழல் தரும் பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ப ஓரத்தை விரிக்கிறது. என்விடியாவில் ரந்திமா பெர்னாண்டோ 2005-இல் எழுதிய முறையின் வழி இது. 0.5 போட்டு, அறையின் நடுவில் கேமராவை வைத்தேன். ஜன்னல் திண்டின் மேல் கம்பி நிழல் கூராக இருந்தது. சுவரோரத் தரையில் ஓரம் நெகிழ்ந்தது. அறையின் நடுவுக்கு வரும்போது சாம்பல் பட்டைகளாகக் கரைந்துபோயிருந்தது. சார்ட் தாளில் பார்த்தது அப்படியே திரையில். அந்தச் சாயங்காலம் நான் வேறு வேலை பார்க்கவில்லை, அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

படிக்கட்டு எங்கே மிகவும் தெரியுமோ, அதாவது பொருளிலிருந்து தூரமாக விழும் நிழலில், அங்கேதான் இயற்கையே ஓரத்தை அதிகமாக நெகிழ்த்துகிறது. ஏலியாசிங்குக்கு மருந்தாகவே இதைப் பயன்படுத்தலாம். கூடுதல் மாதிரிகள் வேண்டும் என்பதால் கார்டுக்குச் சுமை ஏறும். அதற்கு ஈடாக மேப்பை 8192-இலிருந்து மறுபடி 4096-க்கு இறக்கிவிட்டேன். வித்தியாசம் எனக்கே தெரியவில்லை.

பயஸ் பற்றிச் சொல்லாமல் போனால் விமர்சனம் முழுமையாகாது. டெக்சலுக்கு ஒரே தூரம்தான் என்பதால், வெயில் சாய்வாக விழும் சுவர் தன் மேலேயே தனக்கு நிழல் இருக்கிறது என்று ஏமாந்து, கோடு கோடாகப் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். சாயங்கால வெயிலுக்கு இது பெரிய தொல்லை. தவிர்ப்பதற்காக ஒப்பிடும் தூரத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பதுதான் பயஸ். அதிகம் தள்ளினால் நிழல் பொருளை விட்டுப் பிரியும். ஒரு கட்டத்தில் வளவுத் தூண்கள் எல்லாம் கல் அடித்தளத்தின் மேல் ஒரு விரற்கடை மிதந்துகொண்டிருந்தன. கோடோவில் இரண்டு பயஸ்: சாதாரணம் 0.1, பரப்பு நோக்கும் திசையில் நகர்த்தும் நார்மல் பயஸ் 2. கம்பி மாதிரி மெல்லிய பொருளை நார்மல் பயஸ் தின்றுவிடும். டெக்சல் சிறிதாகிவிட்ட பிறகு அவ்வளவு பயஸ் தேவையே இல்லை. 0.05, 1.2 என்று இறக்கினேன், தூண்கள் தரையில் நின்றன. ஆக, தூரத்தைக் குறைத்த அந்த ஒரே எண் இங்கேயும் உதவியது. 16 பிட் மேப் என்ற டிக்கை எடுத்துவிட்டால் மெமரி இரண்டு மடங்காகும், கோடுகள் இன்னும் அடங்கும். சுவரை ஒற்றைத் தாளாக மாடல் செய்திருந்த இரண்டு இடத்தில் மூலையில் வெயில் கசிந்தது. நிஜச் சுவருக்கு இருக்கிற தடிமனைக் கொடுத்ததும் நின்றது. இதற்கு எஞ்சினைக் குறை சொல்ல முடியாது.

இப்போது எறும்புக்கு வருகிறேன். ஊர்தல். கேமரா நகரும்போது கோடோவில் நிழல் ஊர்வதில்லை. ஏன் என்று மூலநிரலைத் திறந்து பார்த்தேன். நான் நிரலாளன் இல்லை, என்றாலும் அந்த இடம் படிக்கப் புரிந்தது. ஒவ்வொரு துண்டையும் ஒரு கோளத்துக்குள் அடைத்து, கேமரா திரும்பினாலும் அளவு மாறாதபடி வைக்கிறார்கள். அப்புறம் அதன் இடத்தை ஒரு டெக்சலின் முழு மடங்குகளாக மட்டுமே நகர விடுகிறார்கள். கட்டங்கள் உலகத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. கொஞ்சம் ரெசல்யூஷன் வீணாகும், ஆனாலும் ஓரங்கள் அசையாமல் இருப்பதற்கு அது தகும் என்று அங்கேயே குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். மேலே நான் போட்ட 33 மீட்டர் கோளக் கணக்கு அங்கிருந்து எடுத்ததுதான்.

ஆனால் சூரியனே நகர்ந்தால் கட்டமும் சேர்ந்து திரும்பும். அதை எந்த ஒட்டலாலும் நிறுத்த முடியாது. ஆச்சி பார்த்தது இதைத்தான். மங்கலைக் கூட்டினால் மறையும், முழுவதும் போகாது. நான் வெயில் நகர்வதையே எடுத்துவிட்டேன். காலை 8, உச்சி 12, பிற்பகல் 3, சாயங்காலம் 5 என்று நாலு வேளை. ஒன்றிலிருந்து மற்றதுக்குத் திரை மெல்ல மங்கி மாறும். அந்தந்த வேளையில் சூரியன் அசையாது.

இன்னொரு சிறு கைப்பக்குவம். கட்டத்தின் திசையை விளக்கின் திசைதான் தீர்மானிக்கிறது. விளக்கைத் தன் அச்சிலேயே சுழற்றினால் வெயில் விழும் கோணம் மாறாது, கட்டம் மட்டும் திரும்பும். குறுக்குப் பட்டையின் நிழலில் பல் பலவாகத் தெரிந்த ஒரு வேளைக்கு, விளக்கை அப்படிச் சுழற்றி, பட்டையும் கட்டத்தின் வரிசையும் ஒன்றுபோல் ஓடும் இடத்தில் நிறுத்தினேன். பற்கள் போய்விட்டன.

குறைகள் இல்லாமல் இல்லை. நிழலின் அமைப்புகள் இரண்டு இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. அளவு, வடிகட்டல், 16 பிட் எல்லாம் புராஜெக்ட் செட்டிங்ஸில், தூரம், பயஸ், பிளர், கோண அகலம் விளக்கில். புதிதாக வருபவர் ஒன்றைப் பார்த்து மற்றதைத் தவறவிடுவார். இரண்டாவது டைரக்‌ஷனல் லைட் வைத்தால் அதே மேப்பை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். நிலா வெளிச்சத்துக்கு ஒன்று வைத்துவிட்டு நிழல் திடீரென்று ஏன் மோசமானது என்று தேட வேண்டாம். பொருள் தரையைத் தொடும் இடத்தில் நிழல் விடுபடாமல் பார்த்துக்கொள்ள 3-ஆம் பதிப்பில் இருந்த காண்டாக்ட் ஷேடோ 4-இல் இல்லை, குத்துவிளக்கின் அடி மாதிரிச் சின்ன இடங்களுக்கு எஸ்எஸ்ஏஓ-வை (மூலை இடுக்குகளை இருட்டாக்கும் முறை) நம்ப வேண்டியிருக்கிறது. கொல்லைப்புற வேப்பமரத்தின் இலை நிழல் தூரத்தில் இன்னும் பொரிகிறது. அதற்கு வழி கிடைக்கவில்லை.

அன்ரியல் எஞ்சின் 5-இன் விர்ச்சுவல் ஷேடோ மேப் இந்தக் கணக்குகளில் பலவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும். 16384-க்கு 16384 என்ற மாபெரும் தாளை 128-க்கு 128 பக்கங்களாக வெட்டி, திரையில் தெரியும் இடத்துக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் நிரப்பும் ஏற்பாடு அது. நல்ல டெஸ்க்டாப் வைத்திருப்பவருக்கு, பெரிய வெளிகளைக் காட்டுபவருக்கு அதைத்தான் சொல்வேன். ஒரு வீடு, ஒரு முற்றம், வாடிக்கையாளர் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போகும் நடுத்தர மடிக்கணினி என்றால் கோடோ தாராளமாகப் போதும். நோட்டும் பேனாவும் கூட வேண்டும்.

போன வாரம் மறுபடி ஆச்சியிடம் காட்டினேன். மேற்கு அறை வந்தது. தரையைப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போகச் சொன்னார். வளவு வந்தது. உச்சி வெயில். வடக்குத் தாழ்வாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எந்த மாசத்து வெயிலு தம்பி?”

“பங்குனி, ஆச்சி.”

“அதான். மார்கழின்னா வெயிலு உள்ள ஏறி வரும். அப்பத்தா அங்கதான் வத்தலு காயப் போடும்.”

தேதியை டிசம்பர் கடைசிக்கு மாற்றினேன். தாழ்வார விளிம்பு 3 மீட்டர் உயரம். பங்குனியில் அரை மீட்டர் அளவுக்கே உள்ளே வந்திருந்த வெயில், இப்போது 2 மீட்டர் ஏறி, இரண்டாவது வரிசைத் தூணின் அடியில் போய் நின்றது. ஆச்சி திரைக்கு அருகில் குனிந்து, அந்த வெயிலின் ஓரத்தை விரலால் தொட்டு, “இந்தா, இது வரைக்கும்தான்” என்றார்.